அவளை ஒண்ணும் சொல்லாதீங்க

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு பெரியவரிடம், "மூச்செல்லாம் முட்டாதுங்க ஐயா, தலைக்கு மேல பாருங்க, காத்து வர்றதுக்கு வழி இருக்கும்" என்று சொல்லியபடியே அவள் பேனாவுக்காகக் கைப்பைக்குள் துழாவினாள். விரலில் பேனா படவில்லை. நாப்கின் பொட்டலம் ஒன்று பட்டது. எப்போது வாங்கிப் போட்டது என்றே நினைவில்லை. ஒட்டுப் பிரியாமல், மூலை மட்டும் நசுங்கி, பையின் அடியில் கிடந்தது. "ஹலோ, இருக்கீங்களாம்மா?" என்றார் பெரியவர். "இருக்கேன் ஐயா, இங்கேயேதான் இருக்கேன்" என்றாள். குரல் கொஞ்சமும் மாறவில்லை. அந்தக் குரல் மாறாமல் இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

அது லிஃப்டுகளைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியின் அழைப்பு அறை. கட்டடம் எதுவானாலும், லிஃப்ட் நடுவில் நின்று உள்ளே இருப்பவர் மணிப் பொத்தானை அமுக்கினால், அந்த மணி அவள் காதில் ஒலிக்கும். மெக்கானிக் போய்க் கதவைத் திறக்கும்வரை லைனை விடக் கூடாது என்பது அங்கே சட்டம். மனிதர்கள் அந்த இரும்புப் பெட்டிக்குள் என்னவெல்லாமோ பேசுவார்கள். முதலில் கோபம், பிறகு பயம், அதற்கும் பிறகு சொந்தக் கதை. மகனோடு பேச்சுவார்த்தை இல்லாததைச் சொல்லியிருக்கிறார்கள். அடுப்பை அணைத்தோமா என்று அழுதிருக்கிறார்கள். கதவு திறந்ததும் அவளை அப்படியே மறந்துவிட்டு வெளியேறுவார்கள். அவள் முகத்தை யாரும் பார்த்ததில்லை. மெக்கானிக்குகள்கூட அவளைக் 'குரல்' என்றுதான் கூப்பிட்டார்கள். "இன்னிக்குக் குரலுக்குத் தொண்டை கட்டியிருக்குடா, எல்லா லிஃப்டும் நல்லா ஓடணும்னு வேண்டிக்கோ" என்று கேலி செய்வார்கள்.

பெரியவர் வெளியே வந்த பிறகும் அவள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றவில்லை. தள்ளிப் போயிருக்கிறது என்பது புரிந்தது. ஆனால் பயம் வரவில்லை. நாற்பத்திரண்டு முடிந்துவிட்டது. போன வருடத்திலிருந்தே மாதவிலக்கு அதன் இஷ்டத்துக்குத்தான் வந்துபோனது. ஒரு மாதம் அவசரக்காரன்போல முன்னாலேயே வந்து நிற்கும், ஒரு மாதம் அழைத்தாலும் வராது. நிற்கிற வயசு, உடம்பு கடையைக் கட்டுகிறது என்று நினைத்துக்கொண்டாள். வேறு எதையும் நினைக்க அவளுக்குப் பழக்கமில்லை. தனக்குக் கரு தங்காது என்பது, தனக்கு உயரம் குறைவு என்பதைப் போல, அவள் கூடவே வந்த ஒரு செய்தி.

பதினாறு வருடம் அவள் மனைவியாக இருந்தாள். கணவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடைக்கு வருகிறவர்களின் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக் கண்ணாடியைச் சரிசெய்வான். அந்தப் பதம் வீட்டிலும் இருந்தது. அதிர்ந்து பேச மாட்டான். அந்த வீட்டில் அவளுடைய மாதவிலக்கு ஒருநாளும் அவளுடையதாக இருந்ததில்லை. தள்ளிப்போனால் மாமியாரின் பார்வை அவள் வயிற்றுக்கு இறங்கும். வந்துவிட்டால் யாரும் எதுவும் கேட்காமலேயே சமையலறையில் பாத்திரம் ஒரு மாதிரி ஓசை எழுப்பும். உறவுக்காரர்கள் வந்தால் சுற்றி வளைத்துக்கொண்டு பேச்சு அங்கேதான் வந்து நிற்கும். "காய்க்காத மரத்துக்கு எத்தனை தண்ணி ஊத்தினா என்ன?" என்று கணவனின் பெரியப்பா ஒருமுறை முகத்துக்கு நேரே கேட்டார். அப்போதெல்லாம் கணவன் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல், அந்த மெல்லிய குரலில், "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க" என்பான். அவ்வளவுதான். கூட்டம் அடங்கிவிடும். அவள் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவாள், நன்றியோடு. உலகத்தில் தனக்காகப் பேச ஒரு வாய் இருக்கிறது என்று.

அவன் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. கடையிலேயே, ஒரு சிறுமியின் முகத்தில் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டிருந்தபோது, மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான். அதற்குப் பிறகு வீட்டில் அவளும் மாமியாரும். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பாரமாக இல்லாமலிருக்கக் கற்றுக்கொண்டார்கள். அவனுடைய சட்டைகள் அலமாரியில் அப்படியே தொங்கின. படுக்கையறை மின்விசிறி மட்டும் அவன் காலத்துச் சத்தத்தையே போட்டுக்கொண்டிருந்தது. 'சரி பண்ணணும், சரி பண்ணணும்' என்று அவன் சொல்லிக்கொண்டேயிருந்த 'டக் டக்' சத்தம்.

அதைச் சரிபண்ண வந்தவன்தான் ஸ்பேனர். மெக்கானிக்குகளில் மூத்தவன். அவன் நிஜப் பெயரை அலுவலகத்தில் சம்பளம் போடுகிறவர் மட்டுமே அறிவார். மனைவி எப்போதோ பிரிந்து போய், வேறு வீடு, வேறு குடும்பம் என்று ஆகிவிட்டாள். வருடக்கணக்கில் இவளுடன் ஒயர்லெஸ்ஸிலேயே பேசிப் பேசி, ஒருநாள் அலுவலக வாசலில் நேரில் பார்த்தபோது, "நீங்கதான் அந்தக் குரலா? நான் இன்னும் குண்டா இருப்பீங்கன்னு நினைச்சேன்" என்றவன். விசிறியைச் சரிபண்ண அவன் வந்த அன்று மாமியார் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தார். வெளியே பிடிவாதமான மழை. ஸ்பேனர் நாற்காலிமேல் ஏறி, விசிறியின் மூடியைக் கழற்றி, ஒரு திருகை முடுக்கினான். அவ்வளவுதான் வேலை. விசிறி சுழன்றது. சத்தமே இல்லை. அந்தச் சத்தமின்மை அறையில் நிறைந்தபோது அவள் நின்ற இடத்திலேயே உடைந்து அழத் தொடங்கினாள். ஸ்பேனர் என்ன செய்வதென்று தெரியாமல் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். அவள்தான் போய் அவன் தோளில் முகத்தை வைத்தாள். பிறகு நடந்ததை அவள் தவறென்று ஒருநாளும் நினைக்கவில்லை. நடுவில் ஒருமுறை அவன் தயங்கி, "எங்கிட்ட எதுவும் இல்ல. ஒண்ணும் ஆயிடாதே?" என்று கேட்டான். அவள் சிரித்தாள். அழுத கண்ணோடு சிரித்தாள். "எனக்கா? எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது."

பைக்குள் அந்தப் பொட்டலம் கையில் பட்ட மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, காப்பியின் வாசனை பிடிக்காமல் போனபோதும் அவள் அதை வயிற்றுக் கோளாறு என்றே நினைத்தாள். மார்பு கனத்தபோது வயசு என்றாள். ஆனால் ஒரு காலை, பேருந்தில் யாரோ ஒருத்தியின் முழங்கை மார்பில் பட்டு உயிர் போகிற வலி எழுந்தபோது, உள்ளே ஒரு சின்னக் கதவு திறந்தது. இறங்கவேண்டிய நிறுத்தத்துக்கு முன்பாகவே இறங்கி, தன்னைத் தெரியாத ஒரு மருந்துக்கடையைத் தேடி நடந்தாள். கர்ப்பச் சோதனைக் குச்சி வேண்டுமென்று மெல்லக் கேட்டாள். கடைக்காரப் பெண், "உங்க பொண்ணுக்காங்க?" என்று கேட்டாள். அவள் ஆமென்று தலையாட்டினாள்.

அலுவலகக் கழிப்பறையில், கதவைத் தாழிட்டு, அந்தக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முதல் கோடு பளிச்சென்று வந்தது. அது எல்லோருக்கும் வருவது. இரண்டாவது கோடு வரவில்லை. மூச்சு விட்டாள். பிறகு, பழைய சுவரில் வெள்ளையடித்ததற்கு அடியிலிருந்து கறை மேலே வருவதுபோல, அது வந்தது. மங்கலாக. இருக்கிறதா, கண்தான் உண்டாக்குகிறதா என்று சொல்ல முடியாதபடி. குழல்விளக்குக்கு அருகே உயர்த்திப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள். வெளியே யாரோ கதவைத் தட்டி, "குரல், ரெண்டு லைன் அடிக்குது" என்றார்கள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆமாம், ரெண்டு லைன்தான்.

டாக்டர் அவளைவிட வயதில் சிறியவர். கை ஜில்லென்று இருந்தது. கேள்வி கேட்கும்போது முகத்தைப் பார்த்தே கேட்டார், அது நல்லதாகவும் கஷ்டமாகவும் இருந்தது. கடைசியாக எப்போது வந்தது, உறவு எப்போது, பாதுகாப்பு ஏதாவது. அவள் மூன்றாவது கேள்விக்கு இல்லையென்றாள். "ஏன்?" என்றார் டாக்டர், குற்றம் சொல்லாமல், வெறுமனே தெரிந்துகொள்கிறவராக.

"எனக்குக் குழந்தை உண்டாகாது டாக்டர்."

"யார் சொன்னாங்க?"

அவள் யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தாள். "யாரும் சொல்லல. எல்லாரும் சொன்னாங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். முன்பு பரிசோதனை செய்ததுண்டா என்று கேட்டார். செய்திருக்கிறாள். கல்யாணமான புதிதில், பிறகு இன்னொருமுறை. எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் இரண்டு முறையும் சொன்னார்கள். "உங்க கணவர்?" அவள் வாயைத் திறந்தாள். அவருக்கு ஊசியென்றால் பயம், அவருக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை, உனக்குத்தான் ஒண்ணுமில்லைன்னு வந்துடுச்சே அப்புறம் என்ன, வரும்போது வரும் என்றார். இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வரும்போதே, தன் குரலில் அவை எப்படிக் கேட்கின்றன என்பதை முதல் தடவையாக அவளே கேட்டாள். ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"தள்ளிப் போறத மட்டும் வெச்சு எதையும் சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர். "உங்க வயசுல அது முன்னப்பின்ன வர்றது சகஜம். கவலை, தூக்கமில்லாம இருக்கறது, தைராய்டு, எதனாலயும் தள்ளும். ஆனா ஒழுங்கா வரலைங்கறதுக்காகக் கரு தங்காதுன்னு அர்த்தமில்ல. முழுசா நின்னு ஒரு வருஷம் ஆகற வரைக்கும் தங்கலாம். ஒழுங்கா வராதவங்களுக்கு எது ஆபத்தில்லாத நாள்னு கணக்கே போட முடியாது. நடந்த உடனே வந்திருந்தா, அஞ்சு நாளைக்குள்ள போட்டுக்கற மாத்திரை இருக்கு. இப்போ அதுக்கு வேலையில்ல."

"கோடு மங்கலா இருந்துச்சே."

"மங்கலா இருந்தாலும் கோடு கோடுதான்." ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் மறுபடி கூப்பிட்டார். இருக்கிறது. ஆரம்பம்தான், மிகவும் ஆரம்பம். இந்த வயதில் தங்குவதும் கடினம், தங்கியது நிலைப்பதும் கடினம் என்று ஒளிக்காமல் சொன்னார். வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்யலாம், யோசிக்க நேரம் இருக்கிறது, ரொம்ப இல்லை. "பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். எல்லோரிடமும் தான் கேட்கும் கேள்வி அது என்பது அவளுக்கு நினைவு வந்தது. லிஃப்டுக்குள் இருப்பவர்களிடம் அவள் முதலில் கேட்பது அதைத்தான்.

ஸ்பேனரிடம் அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்டின் மோட்டார் ஓடும் அறைக்கு வெளியே சொன்னாள். அவன் கவிழ்த்து வைத்திருந்த பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"நீதானே ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னே?"

"ஆமா. எனக்குச் சொன்னதத்தான் நான் உனக்குச் சொன்னேன்."

அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நகத்துக்கடியில் எந்தச் சோப்புக்கும் போகாத கிரீஸ். "எனக்குத் தலை நரைச்சாச்சு. பள்ளிக்கூடத்துல கொண்டு விட்டா தாத்தான்னு நினைப்பாங்க" என்றான். பிறகு, "நீ எப்படிச் சொல்றியோ அப்படி. வெச்சுக்கலாம்னா ஊரைக் கூட்டிச் சொல்றேன். வேணாம்னா ஆஸ்பத்திரி வாசல்ல நான் நிப்பேன். ரெண்டுல எதுக்கும் ஓட மாட்டேன்" என்றான். கடைசியில், "பயமா இருக்கு" என்றான். "எனக்கும்" என்றாள். பின்னால் மோட்டார் உறுமி நின்றது. யாரோ ஏதோ மாடியில் இறங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் சொல்ல அவள் நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு அவசியமில்லாமல் போயிற்று. விடுமுறை நாளின் மதியம், மாமியார் மடியில் முறத்தை வைத்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அவளும் எதிரே உட்கார்ந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டாள்.

"தள்ளிப் போயிருக்கா?" என்றார் மாமியார், தலையை நிமிர்த்தாமல்.

தோல் உரித்துக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது.

"நிக்கற காலம்னுதான் நினைச்சேன். காலைல நீ வாஷ்பேசினைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறதப் பாத்தேன். அது இல்ல இது." ஒரு பட்டாணியை உதிர்த்தார். "ஃபேன் சத்தத்த யாரு நிறுத்தினதுன்னு நான் கேட்டப்போ, நீ பதில் சொல்ல எடுத்துக்கிட்ட நேரத்துலயே எனக்குத் தெரியும். அவன்தானா?"

"ஆமா அத்தை."

இனி வீடு இடிந்து தலைமேல் விழும் என்று அவள் காத்திருந்தாள். என்ன சொல்லவேண்டும் என்பதைக்கூடத் தயாராக வைத்திருந்தாள். உங்க பிள்ளை இருக்கிறவரைக்கும் நான் வேறு யாரையும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. இப்போதும் உங்களை விட்டுவிட்டுப் போகிற எண்ணமில்லை. ஆனால் அந்த வாக்கியங்களுக்கு வேலை வரவில்லை. மாமியார், "டாக்டரப் பாத்தியா? இந்த வயசுல கொஞ்சம் சாக்கிரதையா இருக்கணும். படி ஏறி எறங்கறத குறைச்சுக்கோ" என்றார். கோபம் இருந்தது. குரலின் ஓரத்தில் அது தெரிந்தது. வெட்கமும் இருந்தது, அக்கம்பக்கத்துக்கு என்ன சொல்வது என்கிற கவலையும் இருந்தது. எல்லாம் இருந்தது. ஒன்று மட்டும் இல்லை. அது என்னவென்று பிடிபட அவளுக்குச் சற்று நேரமாயிற்று. பிடிபட்டதும் கையிலிருந்த தோலைக் கீழே வைத்தாள்.

"அத்தை."

"ம்."

"நீங்க ஆச்சரியப்படவே இல்லையே."

மாமியாரின் விரல் பட்டாணித் தோலுக்குள் நின்றுவிட்டது.

"பதினாறு வருஷம் ஆகாதவளுக்கு இப்போ ஆகியிருக்குன்னா, யாரா இருந்தாலும் முதல்ல 'எப்படி?'ன்னுதானே கேப்பாங்க. டாக்டர் கேட்டாங்க. ஃபேனச் சரிபண்ணினவர் கேட்டார். நானே கேட்டேன், கண்ணாடியப் பாத்து. நீங்க கேக்கல."

தெருவில் ஏதோ வண்டி பின்பக்கமாகப் போகும்போது எழுப்பும் ஓசை கேட்டு ஓய்ந்தது. மாமியார் பேசத் தொடங்கியபோது, பல காலமாக மூடிக் கிடந்த பெட்டியைத் திறக்கும்போது வரும் வாசனைபோல, குரல் மாறியிருந்தது.

"அவனுக்கு அப்போ மீசை வந்து கொஞ்ச காலம்தான் இருக்கும். பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. கன்னம் ரெண்டும் இப்படி. சின்னப் பசங்களுக்கு வர்றது உனக்கு வந்திருக்கேடான்னு எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் அது கீழ இறங்கிடுச்சு. காலை அகட்டி வெச்சுக்கிட்டு, போர்வை பட்டாலே கத்துவான். டாக்டர் வீட்டுக்கே வந்து பாத்தார். போகும்போது சொன்னார், பின்னாடி குழந்தை உண்டாகறது கஷ்டமா இருக்கலாம், கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் எடுத்துடுங்கன்னு." நிமிர்ந்து பார்த்தார். "இருக்கலாம்னுதான் சொன்னார். நிச்சயம்னு சொல்லல."

"நீங்க எடுக்கச் சொல்லல."

"எந்தத் தாய் சொல்லுவா?"

வேறொன்று கேட்கவேண்டியிருந்தது. கேட்காமலிருந்தால் இந்த வீட்டில் மூச்சுவிட முடியும் என்றும் தோன்றியது. ஆனாலும் கேட்டாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"டாக்டர் என்கிட்டதான் சொன்னார். கூடத்துல நின்னு. அவன் உள்ள படுத்திருந்தான்."

"கதவு?"

மாமியார் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். முழங்கால் வலியோடு மெல்ல நடந்து சமையலறை வாசல் வரைக்கும் போனார். "சாத்தல" என்றார், திரும்பாமல்.

"முழிச்சிருந்தாரா அத்தை?"

உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவன் திரும்ப வந்துவிட்டான். இறந்தவர்கள் வருவதாகச் சொல்வார்களே, அப்படிக் கனவிலோ நிழலிலோ அல்ல. ஒரு வாக்கியமாக வந்தான். அவள் தலைவாரிக்கொள்ளும்போது, பால் பொங்குகிறதா என்று பார்த்து நிற்கும்போது, அந்த மெல்லிய குரல், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து: அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. அத்தனை வருடமும் தனக்கு மேலே பிடித்த குடை என்று அவள் நம்பியது. இப்போது அதன் ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பார்த்தாள். அவளை. என்னை ஒண்ணும் சொல்லாதீங்க என்று அவன் சொல்லவில்லை. எங்களை என்றும் சொல்லவில்லை. அவளைச் சொல்லாதீர்கள் என்றால், சொல்வதற்கு அவளிடம்தான் ஏதோ இருக்கிறது என்று ஆகிறதே. அவ்வளவு இரக்கமான வார்த்தைக்குள் அவ்வளவு பெரிய பொய்யை வைக்க முடியுமா? தெரிந்துதான் சொன்னானா? தெரியாமல், உண்மையான அன்பில் சொன்னானா? தூங்கிக்கொண்டிருந்தானா, காய்ச்சலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தானா? அலமாரியைத் திறந்து சட்டைகளின் முன்னால் நின்றாள். மேசையில் இருந்த அவனுடைய கண்ணாடியைத் தன் கண்ணில் மாட்டிப் பார்த்தாள். அறை கலங்கலாகத் தெரிந்தது. செத்தவனிடம் கேள்வி கேட்பது, லைன் அறுந்த லிஃப்டுக்குள் பேசுவதுபோல. உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதுகூடத் தெரியாது.

விந்தை என்னவென்றால், அந்தக் கோபத்தோடு கூடவே ஒரு சந்தோஷமும் முளைத்திருந்தது. அதை அவளே வெளியே விடவில்லை. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது கை தானாக வயிற்றுக்குப் போகும். என் உடம்பு என்னை ஏமாற்றவில்லை, பாவம், இத்தனை காலம் பேச்சு வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது என்று அதன்மேல் பிரியம் வந்தது. பெரியப்பா இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். அவர் வீட்டு வாசலில் பெரிய வயிற்றோடு போய் நிற்கவேண்டும் என்று நினைத்து, பக்கத்து இருக்கைக்காரி திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். வைத்துக்கொள்வது என்று அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஸ்பேனரிடம், "உனக்கு உன் நிஜப் பேர் பிடிக்குமா?" என்று ஒருநாள் கேட்டாள். அவன் புரிந்துகொண்டு, முகம் சிவந்து, படியிறங்கிப் போனான்.

அந்த அழைப்பு வந்தது ஒரு முற்பகலில். சின்னப் பெண்ணின் குரல். ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவதுக்கும் நடுவில் நின்றுவிட்டது, மேலே அவளுக்கு நேர்முகத் தேர்வு, முதல் வேலை, கூப்பிட்ட நேரம் தாண்டப்போகிறது. அழுகையில் சொற்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. "பயப்படாதீங்கம்மா. உங்க கூட யாராவது இருக்காங்களா? இல்லையா, பரவாயில்ல, நான் இருக்கேன்" என்று அவள் ஆரம்பித்தாள். அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருந்த மெக்கானிக் ஸ்பேனர்தான். இன்னொரு காதில் அவன், "பாலத்துல மாட்டிக்கிட்டேன் குரல், வண்டி நகரல" என்றான். மேலே இருக்கும் அலுவலகத்துக்கு நானே சொல்லிவிடுகிறேன் என்று அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்து, அப்படியே சொல்லவும் செய்தாள். அப்போதுதான் அடிவயிற்றில் ஒரு பிடி. யாரோ உள்ளிருந்து துணியை முறுக்குவதுபோல. பிறகு வெதுவெதுப்பு.

அவள் நாற்காலியில் அசையவில்லை. அசைந்தால் உண்மையாகிவிடும் என்பதுபோல. "அக்கா, இருக்கீங்களா?" என்றது காதுக்குள் குரல். "இருக்கேன்மா." "போயிடாதீங்கக்கா." "எங்கயும் போகல. இங்கேயேதான் இருக்கேன்." மறுபடி பிடித்து, இளகி, வழிந்தது. அவள் மேசையின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். அந்தப் பெண் மெல்லப் பேசத் தொடங்கினாள். அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாளாம், ஒரு அளவு பெரிதாம், நடந்தால் சத்தம் போடுகிறதாம், அதனால்தான் படியேறாமல் லிஃப்டில் வந்தாளாம். "பஞ்ச மடிச்சு முன்பக்கம் வெச்சுக்கோம்மா, சரியாயிடும்" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்பேனர் வந்து சேர்ந்து கதவைத் திறக்கும் சத்தமும், செருப்பின் டப் டப் ஓசை தூரமாவதும் கேட்டன. வழக்கம்போல யாரும் நன்றி சொல்லவில்லை. "குரல், ஆள் வெளிய வந்தாச்சு" என்றான் ஸ்பேனர். "வேற ஏதாவது இருக்கா?" அந்த லைனில் பேசுவதெல்லாம் பதிவாகும். "வேற ஒண்ணும் இல்ல" என்றாள். அப்படிச் சொன்ன பிறகே அதன் அர்த்தம் அவளுக்கு எட்டியது.

டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார். அளவு இறங்கிவிட்டது. இவ்வளவு ஆரம்பத்தில் போவது நிறையப் பேருக்கு நடக்கிறது, பலருக்கு அது கருவென்றே தெரியாமல், தள்ளி வந்த மாதவிலக்கென்று போய்விடும் என்றார். "நீங்க செஞ்ச எதனாலயும் இல்ல. நடந்து போனதாலயோ, வேலைக்குப் போனதாலயோ இல்ல." ரத்தம் மிகுதியாகப் போனாலோ, ஒரு பக்கமாக வலித்தாலோ, தலை சுற்றினாலோ உடனே வரச் சொன்னார். இனிமேல் வேண்டுமென்றாலும் வேண்டாமென்றாலும் வந்து பேசுங்கள், ஒண்ணும் ஆகாது என்று மட்டும் இருந்துவிடாதீர்கள் என்றார். வாசலில் ஸ்பேனர் நின்றிருந்தான். சொன்னபடி. இரண்டு பேரும் பேருந்து நிறுத்தம்வரை நடந்தார்கள். "நான் வரட்டுமா?" என்றான். "இன்னிக்கு வேணாம்" என்றாள். பேருந்து கிளம்பும்வரை அவன் அதன் பக்கவாட்டில் கைவைத்துக்கொண்டே நின்றான்.

மாமியார் கதவைத் திறந்து, அவள் இடுப்பில் சுற்றியிருந்த சால்வையைப் பார்த்தார். வெந்நீர் வைத்துக் கொடுத்தார், ரொட்டியைச் சுட்டுக் கொடுத்தார். படுத்துக்கொள்ளச் சொன்னார். வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் எழுந்து வந்தபோது, குளியலறையில் மாமியார் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, அவளுடைய பாவாடையை வாளியில் அலசிக்கொண்டிருந்தார்.

"விடுங்க அத்தை. நான் பண்ணிக்கறேன்."

"பச்சத் தண்ணியிலதான் அலசணும். சுடுதண்ணி பட்டா பிடிச்சுக்கும்." கையை நிறுத்தவில்லை. "நீ நிக்காதே, உக்காரு."

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவே ஈரத் தரை. மாமியாரின் முதுகு வளைந்திருந்தது, அவனுடைய முதுகும் கடைசிக் காலத்தில் அப்படித்தான் வளைந்திருந்தது. துணியைக் கசக்கும் சத்தத்தினூடே, அவளைப் பார்க்காமல், வாளியிடம் சொல்வதுபோல மாமியார் சொன்னார்:

"தூங்கிட்டுத்தான் இருந்திருப்பான்."

பதிலுக்குக் காத்திருந்ததுபோலத் தெரியவில்லை. வாளியைச் சாய்த்தார். சிவந்த நீர் தரையில் விரிந்து, வெளிறி, வடிகாலின் கம்பிகளை ஒருமுறை சுற்றிக்கொண்டு இறங்கியது. குழாயைத் திறந்து மறுபடி நிரப்பினார். தண்ணீர் தெளிவாக நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு மாமியார் துணியை அதில் முக்கி, இரண்டு கைகளாலும் பிடித்து முறுக்கினார். மெல்ல, மறுபடியும் நிறம் இறங்கத் தொடங்கியது.